வீடு பழசு, மனை யாருடையது?

சங்கரன்கோவில் வட்டாரத்தில் எந்தக் காலனிக்குள் போனாலும் இப்போது ஒரு பேச்சு காதில் விழுகிறது. "வீட்ட இடிச்சுட்டுப் புதுசா கட்டுவமா, இல்ல கிடைக்கிற விலைக்கு எடத்தக் குடுத்துட்டு டவுனுக்குப் போயிருவமா?" கேட்பவர்களில் பெரும்பாலோர் 1980களின் கடைசியிலும் 1990களிலும் தொகுப்பு வீடு வாங்கிய குடும்பத்தினர். கூரைக் கான்கிரீட் பெயர்ந்து கம்பி தெரிகிறது. ஐப்பசி பிறந்தால் வீட்டுக்குள் சட்டியும் குடமும் வரிசையாக உட்கார்ந்துவிடுகின்றன. பிள்ளைகள் திருப்பூரிலோ சென்னையிலோ வேலை பார்க்கிறார்கள். ஊருக்கு வந்தால் படுக்க இடமில்லை.

இந்தப் பேச்சு நடக்கும் இடத்துக்கு ஒரு தரகரும் தவறாமல் வந்துவிடுகிறார். அவர் சொல்லும் கணக்கு எல்லாக் காலனியிலும் ஒன்றுதான். "அண்ணாச்சி, வீட்டுக்கு மதிப்பே கெடையாது. எடத்துக்குத்தான் காசு. இடிச்சு அள்ளுற கூலியக் கழிச்சுட்டுத்தான் விலை பேசணும்." நகரத்துப் பழைய வீடுகளுக்கு மதிப்பீட்டாளர்கள் சொல்வதும் ஏறக்குறைய இதுவே. கட்டடம் ஆண்டுக்கு ஆண்டு தேயும், மண் தேயாது. கட்டடத்துக்குத் தேய்மானம் போடு, மனைக்கு வழிகாட்டி மதிப்பைப் பார், மனையின் விலை மிகவும் கூடிவிட்டால் இடித்துவிடு.

இந்தக் கணக்கு ரத வீதியில் ஜவுளிக்கடை வைத்திருப்பவருக்குச் சரியாக வரலாம். காலனிக்குள் அப்படியே கொண்டுவந்தால் தப்பாகப் போகும். நம் மக்களுக்கு வீட்டையும் மனையையும் தனித்தனியாக எடைபோடும் வசதி இன்னும் வரவில்லை. நம் தெருக்களில் வீடு நிற்பதுதான் மனைக்குச் சாட்சி.

தமிழ் படித்தவன் என்பதால் ஒரு சொல்லைப் பற்றி இங்கே சொல்ல ஆசை. பழைய தமிழில் 'மனை' என்றால் குடும்பம் நடக்கும் வீடுதான். 'மனைவி' என்ற சொல் அதிலிருந்து வந்தது. இன்றைய பத்திரத்தில் 'மனை' என்றால் கல் நட்ட காலியிடம். சொல்லுக்குள் இருந்த குடும்பத்தை வெளியேற்றிவிட்டு மண்ணுக்கு மட்டும் விலை வைத்திருக்கிறோம்.

இடிப்பது பற்றிய பேச்சு திடீரெனக் கிளம்பக் காரணம் உண்டு. 2000-01க்கு முன் அரசுத் திட்டங்களில் கட்டிய ஊரக வீடுகளில் 2.5 லட்சம் வீடுகளை 2,000 கோடி ரூபாயில் பழுது பார்ப்பதாகத் தமிழக அரசு 2024-25இல் அறிவித்தது. சராசரியாக ஒரு வீட்டுக்கு 80,000 ரூபாய். பழுது பார்த்தாலும் தேறாத வீடுகளை இடித்துக் கட்ட 2025-26 நிதிநிலை அறிக்கையில் முதலமைச்சரின் வீடுகள் மறுகட்டுமானத் திட்டம் வந்தது: 25,000 வீடுகள், 600 கோடி. வகுத்தால் வீட்டுக்கு 2.4 லட்சம். குடிசைகளுக்கான கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் 360 சதுரடிக்கு 3.5 லட்சம் தருகிறார்கள். கொத்தனாரைக் கேட்டால் இன்றைக்குச் சதுரடிக்கு 2,000 ரூபாய்க்குக் குறைத்துப் பேசுவதில்லை. 360 சதுரடிக்கு 7.2 லட்சம் ஆகிறது. பாதியை நாம் போட வேண்டும்.

அந்தப் பாதி எங்கிருந்து வரும் என்பதுதான் முதல் சிக்கல். அரசுப் பணம் கட்டட வேலை ஏற ஏறத் தவணையாகத்தான் வரும். பழைய வீட்டை இடிப்பது, கல்லும் மண்ணும் அள்ளுவது, அதுவரை ஓலைக்கொட்டகையிலோ வாடகையிலோ இருப்பது எல்லாம் கைக்காசு. கைக்காசு என்றால் நம் தெருவில் குழுக்கடன், அல்லது வட்டிக்காரர். கந்துவட்டி ஒரு குடும்பத்தை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்பதை 2017 அக்டோபர் 23 அன்று நெல்லை ஆட்சியர் அலுவலக வளாகத்தில் பார்த்த மாவட்டக்காரர்கள் நாம்.

ஆகவே முதலில் பார்க்க வேண்டியது, வீடு உண்மையிலேயே இடிக்கும் நிலையில் இருக்கிறதா என்பது. கம்பி தெரிந்தால் வீடு முடிந்துவிட்டது என்று எல்லாரும் நினைக்கிறார்கள். கான்கிரீட்டுக்குள் கம்பியை மூடியிருக்கும் பூச்சு மெலிதாக இருந்தால் ஈரமும் காற்றும் உள்ளே போய்க் கம்பி துருப்பிடிக்கும். துரு ஏறிய கம்பி பருக்கும். பருத்த கம்பி கான்கிரீட்டைத் தள்ளும். அது கீழே விழும். ஓரிரு இடத்தில் இப்படி இருந்தால் துருவைச் சுரண்டி, பூச்சுக் கொடுத்து, மேலே தளஓடு பதித்துச் சில ஆண்டு ஓட்டலாம். கம்பியே பாதியாகத் தேய்ந்து, கூரை தொய்ந்திருந்தால் அதனடியில் பிள்ளைகளைப் படுக்க வைக்கக் கூடாது.

சுவரில் விடும் வெடிப்பு வேறு கதை. குருவிகுளம், திருவேங்கடம் பக்கமெல்லாம் கரிசல். கரிசல் மண் மழைக்கு ஊதும், கோடைக்கு வாய் பிளக்கும். ஆழமில்லாத அடித்தளம் இந்த மண்ணில் ஆண்டுதோறும் அசைந்துகொண்டேதான் இருக்கும். ஒப்பந்ததாரர் மிச்சம் பிடிக்க ஆழத்தைக் குறைத்த வீடுகள் பத்தே வருடத்தில் மூலைக்கு மூலை பிளந்தன. அதே ஆழத்தில் புது வீட்டைக் கட்டினால் அதுவும் பிளக்கும். இடித்துக் கட்டும் முடிவை எடுத்தால் பணத்தின் பெரும்பங்கு கண்ணுக்குத் தெரியாமல் மண்ணுக்குள் போக வேண்டும். வாசல் தூணுக்கு டைல்ஸ் ஒட்டும் ஆசையை அடுத்த தீபாவளிக்குத் தள்ளி வைக்கலாம். செப்பனிடும் செலவு புது வீட்டுச் செலவில் பாதியைத் தாண்டினால் இடித்துக் கட்டுவது மேல் என்று பொறியாளர்கள் சொல்வார்கள். அது கட்டடத்துக்கான கணக்கு.

மனைக்கான கணக்கு நூறு வருடத்துக்கு மேல் பழையது. 1891இல் செங்கல்பட்டில் கலெக்டர் பொறுப்பில் இருந்த டிரெமன்ஹீர் தன் அறிக்கையில் எழுதிய முக்கியமான செய்திகளில் ஒன்று வீட்டுமனை பற்றியது. சேரியில் குடிசை போட்டிருப்பவருக்கு அந்த மண் சொந்தமில்லை. மிராசுதாரர் நினைத்தால் குடிசையைப் பிரிக்கச் சொல்லலாம். கூலி கூடக் கேட்க வாய் திறக்க முடியாமல் இருப்பதற்கு இது ஒரு காரணம். 1892இல் பஞ்சமி நில அரசாணை இந்த அறிக்கையின் பின்னால்தான் வந்தது. பஞ்சமி நிலத்தைப் பற்றிப் பேசும் நாம் அந்த அறிக்கை குடியிருப்பு மண்ணைப் பற்றியும் பேசியதை மறந்துவிடுகிறோம்.

அதன்பின் 80 வருடம் கழித்து, 1971இல்தான் தமிழ்நாடு குடியிருப்பு அனுபவதாரர் சட்டம் வந்தது. நில உடைமையாளரின் இடத்தில் குடிசை போட்டு வாழ்ந்த விவசாயத் தொழிலாளிக்கு அந்த மனையைச் சொந்தமாக்கிய சட்டம் அது. அதற்கு மூன்று வருடம் முன்பு, 1968 டிசம்பர் 25 அன்று, கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் 44 பேர் எரிந்தார்கள். தாட்கோ 1974இல் தொடங்கப்பட்டபோது அதன் முதல் வேலை ஆதிதிராவிடர்களுக்குத் தீப்பிடிக்காத வீடு கட்டித் தருவது. பெயரைக் கவனியுங்கள். நல்ல வீடு, காற்றோட்டமான வீடு என்றெல்லாம் சொல்லவில்லை, தீப்பிடிக்காத வீடு. இன்று தரகர் 'மதிப்பே கெடையாது' என்று கைகாட்டும் அந்தச் சின்னக் கான்கிரீட் பெட்டிக்குள் நம் தாய்மார்கள் முதன்முதலாக நெருப்புப் பயமில்லாமல் தூங்கினார்கள்.

வீட்டைக் குறிவைத்து அடிப்பது அத்தோடு நின்றதா என்றால் இல்லை. பக்கத்து மாவட்டத்துக் கொடியன்குளத்தில் 1995 ஆகஸ்ட் 31 அன்று போலீஸ் உள்ளே புகுந்தபோது உடைபட்டவை கதவும் ஜன்னலும் டிவியும் பீரோவும். வளைகுடாவுக்குப் போய்ச் சம்பாதித்த பணத்தில் எழுந்த வீடுகள் அவை.

இப்போது மனையின் காகிதத்துக்கு வருவோம். நம் ஆட்கள் குடியிருக்கும் மண் ஒரே வகை அல்ல. ஆதிதிராவிடர் நத்தம், அரசு நிலமெடுத்துக் கொடுத்த இலவச வீட்டுமனை, புறம்போக்கு, கோயில் அடிமனை, நகராட்சி இடம் என்று பல. ஒவ்வொன்றிலும் கடப்பாரை விழுந்தால் நடப்பது வேறு.

நத்தத்தில் பெரும்பாலான குடும்பங்களுக்குத் தனிப்பட்டா நெடுங்காலம் கிடையாது. இந்தப் பக்கம் பல ஊர்கள் ஜமீன் ஆட்சியில் இருந்தவை. 1948ஆம் ஆண்டு ஜமீன் ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகே அரசுக் கணக்குக்கு வந்தவை. பின்னால் நத்தம் நிலவரித் திட்டம் வந்து தோராயப் பட்டா, தூய பட்டா என்று கொடுத்தார்கள். அப்போது வெளியூர் வேலைக்குப் போயிருந்தவரின் மனை பக்கத்து வீட்டுக்காரர் பெயரில் ஏறியதும், நாலடி பாதை இரண்டடியானதும் உண்டு. இது தெரியாமல் 30 வருடம் நிம்மதியாக இருப்பார்கள், ஏனென்றால் வீடு நிற்கிறது. வீடு நிற்கும்வரை எல்லையைச் சுவர் சொல்லும். சுவரைத் தள்ளிய மறுநாள்தான் "ஒங்க எல்லை இது இல்ல சித்தப்பா" என்ற குரல் கேட்கும். பட்டாவே இல்லாதவர்களுக்கு வீட்டு வரி ரசீதும் மின் இணைப்பும்தான் ஆதாரம். வீட்டை இடித்து மின் இணைப்பையும் ரத்து செய்துவிட்டால் அந்த இடத்தில் இத்தனை வருடம் வாழ்ந்ததற்கு அண்டை வீட்டார் வாய்ச்சொல்தான் மிச்சம்.

இலவச வீட்டுமனைப் பட்டாவில் நிபந்தனைகள் அச்சிட்டிருக்கும். இத்தனை ஆண்டுக்கு விற்கக் கூடாது, குறித்த காலத்துக்குள் வீடு கட்ட வேண்டும், மீறினால் அரசு திரும்ப எடுக்கும் என்பது போன்றவை. பட்டாவுக்குப் பட்டா வாசகம் மாறும். சட்டகம் போட்டுச் சுவரில் மாட்டியிருப்பதை இறக்கிப் படித்துப் பாருங்கள். பஞ்சமி நிலத்துக்கு விதி இன்னும் கறார்: 10 ஆண்டு விற்கவே கூடாது, அதன் பிறகும் பட்டியல் சாதியினருக்கு மட்டுமே விற்கலாம். தரகர்கள் இதை அறியாதவர்கள் அல்ல. அதனால்தான் கிரையப் பத்திரம் பேசாமல் ஒத்தி, பவர், வெள்ளைத்தாள் அக்ரிமென்ட் என்று சுற்றி வளைக்கிறார்கள்; இன்னும் சிலர் நம் ஆள் ஒருவர் பெயரிலேயே வாங்கிப் பின்னால் நிற்கிறார்கள். பின்னாளில் பட்டா ரத்தானால் நிலம் அரசுக்குப் போகும், வாங்கிய பணம் ஏற்கெனவே செலவாகியிருக்கும்.

நிபந்தனைதான் நம் மனையின் விலையைக் குறைக்கிறது, எடுத்துவிடச் சொல்லிப் போராடுவோம் என்று இளைஞர்கள் சிலர் சொல்கிறார்கள். வாங்க வருகிறவர்கள் குறைவு என்பதால் விலை குறைகிறது என்பது உண்மை. ஆனால் அந்த வேலியை எடுத்த மறுவருடமே சாலையோரக் காலனிகள் காணாமல் போகும். வேலி இருக்கட்டும். வங்கிக்காரர் அந்தப் பட்டாவை அடமானமாக ஏற்றுக் கடன் தருவதற்கு என்ன தடை என்று கேட்பதுதான் நம் வேலை.

நகராட்சி இடத்தில் இருப்பவர்கள் நிலை எல்லாவற்றையும்விடச் சங்கடம். தமிழ்நாட்டுப் பல நகரங்களில் தூய்மைப் பணியாளர் குடியிருப்புகள் உள்ளாட்சி அமைப்பின் இடத்தில் இருக்கின்றன. மூன்று தலைமுறை அருந்ததியர் குடும்பங்கள் அதில் வாழ்ந்திருந்தாலும் வீடு வேலையோடு ஒட்டியது. முன்பு ஊருக்கு வெளியே என்று ஒதுக்கிய அந்த இடம் நகரம் வளர்ந்து இப்போது நடு ஊராகிவிட்டது. 'கட்டடம் ஆபத்தானது' என்று நோட்டீஸ் ஒட்டினால் இடிப்பதை யாரும் தடுக்க முடியாது. அதே இடத்தில் திரும்பக் கட்டித் தருவோம் என்ற எழுத்து மட்டும் எளிதில் வராது. கோயில் அடிமனையிலும் இதுபோல் ஒரு கண்ணி உண்டு. மண் கோயிலுக்கு, கட்டடம் நமக்கு, மாதம் அடிமனை வாடகை. கட்டடத்தை நாமே இடித்துவிட்டால் நமக்கென்று அங்கே என்ன இருக்கிறது? அறநிலையத் துறையின் எழுத்துபூர்வ அனுமதி கைக்கு வராமல் ஒரு செங்கல்லைக்கூட எடுக்கக் கூடாது.

நாலுவழிச் சாலைக்கோ வேறு எதற்கோ நிலமெடுப்பு வரும் என்று பேச்சு இருக்கும் ஊர்களில் இன்னொரு எச்சரிக்கை. 2013ஆம் ஆண்டு நிலமெடுப்புச் சட்டத்தில் மண்ணுக்கு ஒரு மதிப்பும், அதன்மேல் நிற்கும் கட்டடத்துக்குத் தனி மதிப்பும் போட வேண்டும். இரண்டின் கூட்டுத்தொகைக்குச் சமமாக இன்னொரு பங்கு ஆறுதல் தொகையும் உண்டு. கிராமத்தில் வீடு இழப்பவருக்கு மாற்று வீடு தரவும் அதன் அட்டவணையில் இடமிருக்கிறது. வீடு நின்றால்தான் இதெல்லாம். முந்திக்கொண்டு இடித்தவருக்கு வெறும் மண்ணின் பணம்தான்.

அந்த மண்ணின் பணமும் சும்மா இருக்கிற எண் அல்ல. பதிவுத் துறையின் இணையதளத்தில் தெருவாரியாக, சர்வே எண்வாரியாக வழிகாட்டி மதிப்பு யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். உங்கள் ஊரின் மேலத் தெரு ஒன்றையும் காலனித் தெருவையும் அருகருகே வைத்துப் பாருங்கள். அதே கரிசல், அதே கண்மாய்த் தண்ணீர், அதே பஸ் நிறுத்தம். விலையில் வித்தியாசம் இருந்தால் அது எதனால் என்று ஆட்சியர் தலைமையிலான மதிப்பீட்டுக் குழுவிடம் கேட்க நமக்கு உரிமை உண்டு.

அமெரிக்காவில் 1930களில் அரசின் வீட்டுக்கடன் நிறுவனம் நகர வரைபடங்களில் தெருத்தெருவாக நிறம் தீட்டியது. கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதிகளுக்குச் சிவப்பு: கடன் கொடுக்க ஆபத்தான இடம் என்று பொருள். கடன் கிடைக்காததால் பழுது பார்க்க முடியவில்லை. பழுது பார்க்காததால் வீடுகள் சிதைந்தன. சிதைந்த வீடுகளை அகற்றப் பிறகு 1949ஆம் ஆண்டு வீட்டுவசதிச் சட்டத்தில் நிதி ஒதுக்கி இடித்தார்கள். வீட்டுவசதியில் இனப்பாகுபாடு கூடாது என்ற சட்டம் 1968இல்தான் வந்தது. நம்மூர் வரைபடத்தில் சிவப்பு மை இல்லை. தெருவின் பெயரே போதுமானதாக இருக்கிறது.

விற்றுவிட்டுப் போக நினைப்பவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. பாஞ்சாகுளத்தில் 2022இல் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தின்பண்டம் தர மறுத்த கடைக்காரரை நாடே வீடியோவில் பார்த்தது. அப்படிப்பட்ட காற்றில் பிள்ளை வளர்க்க வேண்டாம் என்று ஒரு தாய் நினைத்தால் அது நியாயம். அம்பேத்கரே 1947இல் 'மாநிலங்களும் சிறுபான்மையினரும்' அறிக்கையில் பட்டியல் சாதியினருக்குத் தனிக் குடியேற்றங்கள் வேண்டும், அதற்கு அரசு நிலம் ஒதுக்க வேண்டும் என்று கேட்டவர். ஊரை விட்டு வெளியேறுவதை அவர் தோல்வியாகப் பார்க்கவில்லை. ஆனால் கைப்பிடி மண் இல்லாமல் வெளியேறச் சொல்லவில்லை.

டவுனுக்குப் போகும் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 3 சென்ட் மனை, சென்ட்டுக்கு 1 லட்சம் என்று வைத்துக்கொண்டால் 3 லட்சம் வரும். டவுனில் அதே 3 சென்ட்டை அந்த விலைக்கு வாங்க முடியாது. வாங்கினாலும் முத்திரைத்தீர்வையும் பதிவுக்கட்டணமும் சேர்த்து 9 சதவீதம் போகும். வாடகைக்குப் போனால் மாதம் 4,000 வீதம் வருடத்துக்கு 48,000. ஆறேகால் வருடத்தில் 3 லட்சமும் தீர்ந்துவிடும். அந்த வாடகை வீட்டுக்காரம்மாவும் முன்பணம் கேட்கும் முன் கேட்பது ஒன்றுதான்: "நீங்க என்ன ஆளுக?"

இடிக்கத்தான் வேண்டும் என்று முடிவானால் சில வேலைகளை முதலில் முடித்துவிட வேண்டும். பட்டா இறந்துபோன மாமனார் பெயரில் இருந்தால் வாரிசுச் சான்று வாங்கிப் பெயர் மாற்றுங்கள். அண்ணன் தம்பிகளுக்குள் பேச்சை முடியுங்கள், அடித்தளம் போட்ட பிறகு வரும் பங்குச் சண்டை கோர்ட்டுக்குப் போனால் வீடு சுவர் மட்டத்திலேயே நின்றுவிடும். மனைவி பெயரில் பட்டா இருந்தால் அதை மாற்றாதீர்கள்; குடிக்கும் கடனுக்கும் நடுவில் அந்த ஒரு பெயர்தான் பல வீடுகளைக் காப்பாற்றியிருக்கிறது. சர்வேயரை வரவழைத்துச் சுவர் நிற்கும்போதே அளந்து கல் நடச் சொல்லுங்கள். நான்கு பக்கமும் தேதியோடு போட்டோ எடுங்கள். மின் இணைப்பை ரத்து செய்யாமல் கட்டடம் முடியும்வரை நிறுத்தி வைக்க எழுதிக் கொடுங்கள். வீட்டு வரியை அந்த வருடத்துக்கும் கட்டி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். பணி உத்தரவு கைக்கு வந்த பிறகே கடப்பாரையை எடுங்கள்; "பேர் லிஸ்ட்ல இருக்கு" என்று யாரோ சொன்னதை நம்பி இடித்துவிட்டுத் தார்ப்பாய்க்குள் மழைக்காலத்தைக் கழிக்க வேண்டாம்.

அரசிடம் கேட்க வேண்டியதும் இருக்கிறது. 2.4 லட்சத்தில் இடிக்கும் கூலிக்கும் இடைக்கால வாடகைக்கும் தனியாக ஒரு தொகை சேர்க்க வேண்டும். கரிசல் பகுதிக்கு அடித்தள மதிப்பீடு தனியாகப் போட வேண்டும். இடிக்கும் முன் மனை அளவீடு செய்து தருவதைத் திட்டத்தின் பகுதியாகவே ஆக்க வேண்டும். அடுத்த கிராம சபையில் உங்கள் ஊராட்சியின் 2000-01க்கு முந்தைய அரசு வீடுகளின் பட்டியலைக் கதவு எண்ணோடு வாசிக்கச் சொல்லுங்கள். எந்த வீடு பழுது, எந்த வீடு இடிப்பு, அந்த முடிவை எந்தப் பொறியாளர் எப்போது வந்து பார்த்து எடுத்தார் என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் மனுவின் நகலோடு திங்கட்கிழமை தென்காசி ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்துக்குப் போகலாம். ஆதிதிராவிடர் நல தனி வட்டாட்சியருக்கும் ஒரு நகல் கொடுத்து, ஒப்புகைச் சீட்டைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.